டைட்டன்: தோற்றவர்களின் பெயர்

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கி ஏற்றுமதி மண்டலத்துக்கு ஓட்டமாய்ப் போகிற பெண்களில் ஒருத்தி மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். டைட்டன். 'லேட்டாயிடுச்சுடி' என்றாள் கூட வந்தவளிடம். எத்தனையோ வருஷமாய்ப் பார்த்த அந்தப் பெயரை அன்றைக்குத்தான் ஒரு பிரதியாக வாசித்தேன்.

கம்பெனிக் கணக்கில் விஷயம் எளிது. 1984இல் டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம், ஆலை ஓசூரில். டாடா இன்டஸ்ட்ரீஸிலிருந்து இரண்டு ஆங்கில எழுத்து, தமிழ்நாட்டிலிருந்து மூன்று. ஆக, பெயரில் நமக்கும் பங்குண்டு.

கிரேக்கக் கதையில் டைட்டன்கள் வானுக்கும் பூமிக்கும் பிறந்தவர்கள். ஹெஸியாட் சொல்கிறபடி அது தகப்பன் இட்ட வசைப்பெயர்: அளவு மீறிக் கை நீட்டியவர்கள், அதற்குத் தண்டனை உண்டு என்று. ஜீயஸ் கூட்டத்தோடு பத்தாண்டுப் போர். தோற்றார்கள், பாதாளத்தில் அடைபட்டார்கள். கதையைப் பாடியது ஜெயித்த கடவுளைக் கும்பிட்டவர்கள்.

1795இல் கிளாப்ரோத் ஓர் உலோகத்துக்கு இவர்கள் நினைவாய் டைட்டானியம் என்று பெயரிட்டார். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் அள்ளுவது அதன் தாதுவைத்தான். 1912இல் மூழ்கிய கப்பலுக்கும் இதே வேர். எங்கேயும் பலத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், தோல்வியை விட்டுவிட்டார்கள்.

நம்மிடம் இதற்கு நெருங்கிய சொல் அசுரன். கடிகாரத்துக்கு அந்தப் பேரை வைப்பாங்களா? மாட்டாங்க. நரகாசுரன் செத்த நாளில் வெடி போடுவோம். மறுநாள் பேப்பரில் 'புறநகரின் அசுர வளர்ச்சி' என்று படிப்போம். செத்தவனின் உடம்பு பலம் மட்டும் ரியல் எஸ்டேட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. தோற்றவன் பக்கம் நின்று கதையைப் படிக்கச் சொன்னார் பெரியார். கதையைத் திருப்பிப் படித்த நாம் சொல்லைத் திருப்பவில்லை.

திருப்ப முடியாதா என்ன? பூமணியின் 'வெக்கை'யை 2019இல் வெற்றிமாறன் 'அசுரன்' என்று படமாக்கியபோது, அந்தச் சொல் பலத்தோடு நிலத்தையும் இழப்பையும் சேர்த்தே சுமந்து வந்தது. ஒரு தலைப்பு செய்த காரியத்தை நம் கட்டுரைகள் செய்யவில்லை. முற்போக்கு எழுத்திலும் 'அசுர வேகம்', 'அசுரப் பசி' தாராளமாய்ப் புழங்குகின்றன. ஒடுக்குகிறவனைத் திட்ட ஒடுக்கப்பட்டவன் பெயரையே கடன் வாங்குகிறோம். நானும் வாங்கியிருக்கிறேன்.

ஏரியைத் தூர்த்து மனை போட்டவர்களுக்கு வேறு பெயர் தேடுவோம், தோழர்களே. அசுரர் என்ற பெயர் ஏரியை இழந்தவர்களுடையது.