பர்கூரின் கேள்வியும் டெல்லியின் பதிலும்

ஒவ்வொரு மக்களவையின் காலம் முடியும்போதும், எந்த உறுப்பினர் எத்தனை கேள்வி கேட்டார் என்ற பட்டியல் நாளிதழ்களில் வருகிறது. நிறையக் கேட்டவருக்குப் பாராட்டு, விருது. குறைவாகக் கேட்டவருக்கு ஏச்சு. இந்த அளவுகோல் எனக்கு உடன்பாடில்லை. கிருஷ்ணகிரி மக்களவைத் தொகுதியில், அதிலும் பர்கூர் போல நெடுஞ்சாலையை ஒட்டி வளர்ந்த ஓர் ஊரில் இருந்து பார்ப்பவருக்கு அந்த எண்ணிக்கையால் ஒரு பயனும் இல்லை. பதில் எந்த இடத்தில் நழுவியது, நழுவிய இடத்தைப் பிடித்து அடுத்த கேள்வி போனதா என்பதுதான் அவருக்கு வேண்டிய கணக்கு.

முதலில் கருவியைப் பார்த்துவிடலாம். மக்களவையில் ஒரு நாளுக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20. அவற்றுக்கு அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். உறுப்பினர் துணைக் கேள்வி கேட்கலாம். கேள்வி நேரமான ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு கேள்விகளைத் தாண்டுவதே அரிது. குறியில்லாத கேள்விகள் 230. அவற்றுக்கு எழுத்தில் பதில் வரும். எது பட்டியலில் ஏறும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. ஒரு கேள்வி 150 சொல்லுக்கு மேல் போகக் கூடாது. மத்திய அரசு முதன்மைப் பொறுப்பு வகிக்காத விஷயத்தைப் பற்றியும் இருக்கக் கூடாது.

உள்ளூர்க்காரருக்கு இந்தக் கடைசி விதிதான் பெரிய தடை. பர்கூரில் குழாயில் தண்ணீர் வருவது பேரூராட்சியின் பொறுப்பு. டவுன் பஸ் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பொறுப்பு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் இருக்கிறாரா என்பது மாநில அரசின் பொறுப்பு. அன்றாட வாழ்வைத் தொடும் சேவைகளில் பாதிக்கு மேல் இப்படி எம்.பி.யின் கேள்வி எல்லைக்கு வெளியே நின்றுவிடுகின்றன. எஞ்சியவை ரயில், தேசிய நெடுஞ்சாலை, விமானம், அஞ்சல், ஈ.எஸ்.ஐ., வருங்கால வைப்பு நிதி போன்றவை. அவற்றில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ரயில்தான் இந்தத் தொகுதியின் மிகப் பழைய கேள்வி. மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் ஓசூர், ராயக்கோட்டை வழியாக ஒரு பாதை போகிறது. கிழக்கு ஓரத்தில் சாமல்பட்டி வழியாக இன்னொன்று. நடுவில் இருக்கும் கிருஷ்ணகிரிக்கும் பர்கூருக்கும் ரயில் இல்லை. மாவட்டத் தலைநகரே ரயில் நிலையம் இல்லாத ஊர். எப்போதும் அப்படி இருந்ததில்லை என்பதுதான் வேதனை. 1905-இல் திருப்பத்தூரில் இருந்து கிருஷ்ணகிரிக்குக் குறுகிய பாதை போடப்பட்டது. பஞ்ச காலத்தில் தானியம் கொண்டு சேர்ப்பதற்காக வெள்ளையர் அரசு போட்ட பாதைகளில் அதுவும் ஒன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதை மூடினார்கள். பிறகு அது திரும்பவே இல்லை.

ஜோலார்பேட்டையில் இருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்குப் புதிய பாதை வேண்டும் என்று கட்சி வேறுபாடின்றி இந்தத் தொகுதியின் உறுப்பினர்கள் கேட்டு வந்திருக்கிறார்கள். 2019 முதல் 2024 வரை உறுப்பினராக இருந்த செல்லகுமார் இதை விடாமல் எழுப்பினார். அவருக்குப் பின் வந்த கோபிநாத்தும் இதே கோரிக்கையை முன்வைக்கிறார். ரயில்வே அமைச்சகம் புதிய பாதைகள் குறித்துத் தரும் பதில்களைப் படித்தவர்களுக்கு அவற்றின் அமைப்பு மனப்பாடம். திட்டங்கள் மாவட்ட வாரியாக அனுமதிக்கப்படுவதில்லை, ரயில்வே மண்டல வாரியாகவே அனுமதிக்கப்படுகின்றன என்று பதில் தொடங்கும். வருவாய், போக்குவரத்து மதிப்பீடு, விடுபட்ட இணைப்புகள், மக்கள் பிரதிநிதிகளின் கோரிக்கை, நிதி இருப்பு ஆகியவற்றைப் பொறுத்தே முடிவு என்று அடுத்த பத்தி வரும். கடைசியில் ஆய்வு பற்றி ஒரு வரி. அண்மை ஆண்டுகளில் அந்த ஒரு வரி சற்று நகர்ந்திருக்கிறது. இறுதி வழித்தட ஆய்வுக்கு அனுமதி கிடைத்தது. இடைவிடாத கோரிக்கைக்கு அதில் பங்கு உண்டு என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

ஆனால் பதில் நழுவும் இடம் எல்லோருக்கும் தெரிந்ததே. ‘வருவாய்’ என்ற சொல்லில் நழுவுகிறது. புதிய பாதை தன் முதலீட்டுக்கு 14 சதவீதமாவது ஈட்ட வேண்டும் என்பது ரயில்வே நெடுங்காலம் வைத்திருந்த எல்லை. அந்தக் கணக்கில் எந்த ஆண்டின் சரக்கு அளவைப் போட்டார்கள்? பர்கூரின் ஜவுளிக் கடைகளுக்கு வந்து இறங்கும் மூட்டைகள் கணக்கில் இருக்கின்றனவா? கிருஷ்ணகிரியின் மாங்கூழ், சுற்றுவட்டாரத்துக் கிரானைட், போச்சம்பள்ளி பக்கம் 500 ஏக்கரில் எழுந்திருக்கும் ஓலா ஆலையில் இருந்து வெளியேறும் வண்டிகள் இருக்கின்றனவா? பாதை வேண்டும் என்று கேட்டால் அமைச்சகம் பழைய பத்தியை எடுத்துத் தரும். போக்குவரத்து மதிப்பீட்டில் எந்தெந்தச் சரக்கு, எத்தனை டன் என்று கேட்டால் ஒரு தாளை எடுத்து வைத்தாக வேண்டும். ரயில் கேள்வியில் உறுதிக்குக் குறைவில்லை. கூர்மை போதவில்லை என்பது என் மதிப்பீடு.

ஓசூர் விமான நிலையம் வேறு வகை. பர்கூரில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண் தொழிலாளிக்கு அது அவசரத் தேவை என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் கேள்விக் கலைக்கு அது நல்ல பாடம். வட்டார விமானச் சேவைக்கான உடான் திட்டத்தில் ஓசூரின் பெயர் வந்தும் அங்கே விமானம் இறங்கவில்லை. ஏன் என்று நாடாளுமன்றத்தில் கேள்விகள் எழுந்தன, மாநிலங்களவையில் பி. வில்சன் கேட்டது அவற்றில் ஒன்று. பெங்களூரு விமான நிலையத்துடன் செய்த ஒப்பந்தத்தின்படி, அது திறந்த நாளில் இருந்து 25 ஆண்டுகளுக்கு, மைசூரு, ஹாசன் தவிர 150 கிலோமீட்டருக்குள் வேறு விமான நிலையம் வளரக் கூடாது என்று அரசு அவையில் பதிவு செய்தது. பெங்களூரு நிலையம் திறந்தது 2008-இல். ஆக, தடை 2033 வரை. கேட்டவருக்கு விமான நிலையம் கிடைக்கவில்லை. ஆனால் தடை எது, எவ்வளவு காலம், விலக்கு யாருக்கு என்பது வெளிச்சத்துக்கு வந்தது. 2024 ஜூனில் ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தபோது, விவாதம் நேரே அந்த ஒப்பந்த விதிக்குப் போனது. ‘இல்லை’ என்ற பதிலும் இப்படிப் பயன்படலாம், காரணத்தோடு வந்தால்.

சுங்கச்சாவடிதான் என்னை மிகவும் உறுத்துவது. பர்கூரின் வியாபாரம் முழுக்கச் சாலையை நம்பியது. சென்னைப் பக்கம் போனாலும் பெங்களூருப் பக்கம் போனாலும் கட்டணம் கட்டித்தான் போக வேண்டும். கிருஷ்ணகிரி நகருக்கு அருகில் இருக்கும் சுங்கச்சாவடியை இடம் மாற்ற வேண்டும் என்பது இங்கே பல ஆண்டுக் கோரிக்கை. போராட்டங்கள் நடந்தன, மனுக்கள் போயின.

சட்டம் என்ன சொல்கிறது? 2008-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளில் 8-ஆம் விதிப்படி, நகராட்சி எல்லையில் இருந்து 10 கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுங்கச்சாவடி இருக்க வேண்டும். அதற்குள் வைப்பதானால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். அப்போதும் பொதுவாக 5 கிலோமீட்டருக்குள் கூடாது. ஒரே பிரிவில், ஒரே திசையில் இரண்டு சாவடிகளுக்கு இடையே 60 கிலோமீட்டர் வேண்டும். அதற்கும் எழுத்தில் காரணம் காட்டி விலக்குத் தரலாம். 2022 மார்ச் 22 அன்று மக்களவையில் மானியக் கோரிக்கை விவாதத்துக்குப் பதிலளித்த நெடுஞ்சாலைத் துறை அமைச்சர் நிதின் கட்கரி, 60 கிலோமீட்டருக்குள் இருக்கும் இரண்டாவது சாவடிகள் மூன்று மாதத்தில் மூடப்படும் என்றார். தமிழகம் முழுவதும் அது தலைப்புச் செய்தியானது. மூன்று மாதம் போனது, ஆண்டுகளும் போயின. கிருஷ்ணகிரியில் வசூல் நிற்கவில்லை.

இங்கே குறையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அமைச்சர் சொன்னதில் ‘ஒரே பிரிவு’ என்ற நிபந்தனை காணாமல் போயிருந்தது. ஓசூர்–கிருஷ்ணகிரி ஒரு பிரிவு, கிருஷ்ணகிரி–வாலாஜா இன்னொன்று. பிரிவு மாறும் இடத்தில் 60 கிலோமீட்டர் கணக்கு உதவாது. அதிகாரிகள் அந்தச் சந்தில் தாராளமாக நுழைந்துகொள்ளலாம். ஆகவே 60 கிலோமீட்டரைப் பிடித்துக்கொண்டு பேசுவதில் நம் தரப்புக்கு வலு குறைவு. வலுவான பிடி 10 கிலோமீட்டர் விதிதான். எழுத்தில் காரணம் பதிவு செய்தே ஆக வேண்டும் என்றால், அந்தப் பதிவு எங்கோ ஒரு கோப்பில் இருக்கிறது அல்லது இல்லவே இல்லை. இரண்டில் எது என்றாலும் நமக்கு லாபம். அவையில் அமைச்சர் தரும் வாக்குறுதிகளைக் கண்காணிக்க அரசு உத்தரவாதக் குழு என்று ஒன்றே இருக்கிறது. நிறைவேற்ற மூன்று மாத கெடு. 2022-இன் அந்த வாக்குறுதியைத் தமிழக உறுப்பினர்கள் அத்தனை பேரும் சேர்ந்து அந்தக் குழுவின் வாசலில் நிறுத்தியிருக்க வேண்டும்.

கேள்வி கேட்டு எந்த ஊருக்கு என்ன வந்தது, அதிகாரம்தானே சேவையைக் கொண்டுவருகிறது என்று கேட்பவர்கள் உண்டு. பர்கூரே அவர்களுக்குச் சாட்சி. 1991-இல் பர்கூர் சட்டமன்றத் தொகுதியில் வென்றுதான் ஜெயலலிதா முதன்முறை முதலமைச்சரானார். அரசு பொறியியல் கல்லூரி 1994-இல் இங்கே வந்தது. அதற்காக யாரும் டெல்லியில் கேள்வி எழுப்ப வேண்டியிருக்கவில்லை. மறுக்க முடியாத வாதம்தான். ஆனால் 1996-இல் இதே பர்கூர் அவரை எதிர்த்து நின்ற சுகவனத்திடம் தோற்கடித்தது. முதலமைச்சரின் தொகுதி என்ற தகுதி ஐந்தாண்டில் போய்விட்டது, பிறகு வரவில்லை. அப்படிப்பட்ட ஊருக்குச் சாதாரண உறுப்பினரின் கேள்வியைத் தவிர வேறு நிரந்தரக் கருவி எது?

அந்தக் கருவிக்கு டெல்லியைவிட நல்ல இடம் ஒன்று மாவட்டத்திலேயே இருக்கிறது. 2016 முதல் ‘திஷா’ என்ற மாவட்ட வளர்ச்சி ஒருங்கிணைப்பு மற்றும் கண்காணிப்புக் குழு இயங்குகிறது. தலைவர் எம்.பி.; ஆட்சியரும் துறை அதிகாரிகளும் எதிரே உட்கார வேண்டும். மத்திய நிதி வரும் வீட்டுத் திட்டம், குடிநீர் இணைப்பு, ஊரக வேலை, சுகாதார இயக்கம் எல்லாம் அதன் வரம்பில் வருகின்றன. மாநிலப் பொறுப்பு என்று டெல்லி தள்ளிவிடும் குடிநீர்க் கேள்விகூட ஜல் ஜீவன் நிதி வழியாக இங்கே உயிர்பெறும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய இந்தக் குழுவின் நடவடிக்கைக் குறிப்பு, நாளிதழில் வரும் கேள்வி எண்ணிக்கையைவிட ஓர் உறுப்பினரின் உழைப்பை நன்றாகக் காட்டும். இங்கே பதில் கிடைக்காதவற்றைத்தான் டெல்லிக்கு எடுத்துப் போக வேண்டும். ஈ.எஸ்.ஐ. அப்படிப்பட்டது. மருத்துவமனையை நடத்துவது மாநிலம், நிதி மத்தியக் கழகத்தினுடையது. ஊதிய உச்சவரம்பு 2017 முதல் 21,000 ரூபாயிலேயே நிற்கிறது. ஆலைப் பெண்களில் எத்தனை பேர் காப்பீட்டில் இருக்கிறார்கள், அவர்களுக்கு எத்தனை படுக்கை என்ற கேள்விக்கு எண்ணோடு பதில் சொல்லியே தீர வேண்டியது தொழிலாளர் அமைச்சகம்.

என் தீர்ப்பு இது. கிருஷ்ணகிரித் தொகுதியின் கேள்விகள் தேவையானவற்றைத் தொட்டிருக்கின்றன, அக்கறையில் பழுதில்லை. ஆனால் பெரும்பாலும் கோரிக்கையைக் கேள்வியாக எழுதியிருக்கிறோம். கோரிக்கைக்கு ‘பரிசீலிக்கப்படும்’ என்று பதில் வரும். ஆவணத்தைக் கேட்டால் ஆவணம் வர வேண்டும். உள்ளூர் சேவைக்கு நட்சத்திரக் குறியும் தொலைக்காட்சி வெளிச்சமும் தேவையில்லை. எழுத்தில் வரும் பதில் போதும், அதைப் பிடித்து அடுத்த கூட்டத்தொடரில் இரண்டாவது கேள்வி போக வேண்டும். கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியின் அமைவிடத்துக்கு 8-ஆம் விதியின் கீழ் எழுத்தில் காரணம் பதிவு செய்யப்பட்டதா, எந்தத் தேதியில், எந்த அதிகாரியால், அதன் நகலை அவையில் வைக்க முடியுமா? அடுத்த கூட்டத்தொடருக்கு இதை அனுப்பலாம். அனுமதித்த 150 சொல்லில் பாதிகூட இதற்கு ஆகாது.