பிரிவுக்கும் சந்திப்புக்கும் நடுவில்

சுஜாதாவின் ‘பிரிவோம் சந்திப்போம்’ நம்ம பக்கத்துக் கதை. கீழப்பாவூரிலிருந்து கடையம் தாண்டிப் போனா வர்ற பாபநாசத்தில்தான் ரகு மதுமிதாமேல் பைத்தியமாகிறான்.

2009-இல் காந்தி கிருஷ்ணா இதை ‘ஆனந்த தாண்டவம்’ என்று படமாக்கினார். நாவலின் தலைப்பை 2008-லேயே கரு. பழனியப்பனின் வேறொரு படம் எடுத்துக்கொண்டிருந்தது. தலைப்பு போனதுகூடப் பெரிசில்லை. அந்த இரண்டு சொல்லுக்கு நடுவில் இருந்த இடைவெளியும் போயிடுச்சு.

நாவல் இரண்டு பாகம். மதுவை அமெரிக்க மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்த வலி நமக்குள் ஊறிய பிறகுதான் ரகு அவளை அமெரிக்காவில் மறுபடி பார்க்கிறான். படமோ இரண்டு பாகத்தையும் ஒரே மூச்சில் சொல்லப் பார்க்கிறது. நாம் அழுது முடிக்குமுன் அவன் விமானம் ஏறிவிடுகிறான். பிரிவே உறைக்காதபோது சந்திப்பு எப்படி உறைக்கும்?