ஆல்ஃபா சென்டாரி: புதிய ஆட்டக்காரருக்கான உத்திகள்

சிட் மையர்ஸ் ஆல்ஃபா சென்டாரி 1999இல் வெளிவந்த, சுற்றுமுறையில் ஆடப்படும் கணினி விளையாட்டு. இதை வடிவமைத்தவர் பிரையன் ரெனால்ட்ஸ். பூமியிலிருந்து யூனிட்டி என்ற விண்கலத்தில் புறப்பட்டவர்கள் ஏழு பிரிவுகளாகப் பிளந்து, கைரான் என்ற கோளில் குடியேறுவதே கதை.

ஒரே குடியிருப்பில் கட்டடம் மேல் கட்டடமாக எழுப்பிக்கொண்டிருப்பது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. தொடக்கச் சுற்றுகளில் குடியேற்றக் கலங்களும், நிலத்தைப் பண்படுத்தும் ஃபார்மர் வண்டிகளுமே முதலில் வேண்டும். காடு நடுவது எளிய வழி. ஒரு காட்டுக் கட்டம் 1 உணவு, 2 கனிமம், 1 ஆற்றல் தரும். பிறகு தானாகவே பக்கத்துக் கட்டங்களுக்கும் பரவும். மனப்புழுக்களிடம் ஆயுத வலிமை எடுபடாது, படையின் மனவுறுதியே கணக்கு. நிலத்தில் தாக்குபவருக்கு 3:2 என்ற சாதகம் உண்டு. ஆகவே புழு வரும்வரை காத்திராமல் முந்திக்கொள்வதே நல்லது.

விளையாட்டின் குறையும் இங்கேதான் தெரிகிறது. கோளை மதிக்கச் சொல்கிறது கதை. ஆனால் கணக்கோ விரைந்து பரவுபவருக்கே வெற்றியைத் தருகிறது. கனிமத்தை அளவின்றி எடுத்தால் பூஞ்சை படர்ந்து புழுக்கள் கிளம்பும் என்பது உண்மை. ஆனால் அத்தண்டனை வருவதற்குள் ஆட்டக்காரர் வெகுதூரம் முன்னேறியிருப்பார். கையன் பிரிவில் மட்டும் கதையும் கணக்கும் ஓரளவு ஒத்துப்போகின்றன: தடையற்ற சந்தை முறையை அவர்கள் தேர்ந்தெடுக்க முடியாது, பதிலுக்கு, காட்டுப் புழுக்களைத் தொடக்கத்திலேயே வசப்படுத்தித் தம் படையில் சேர்த்துக்கொள்ளலாம்.