யாருடைய துப்பாக்கி இது?

‘கட்டபொம்மன் பிடித்த துப்பாக்கி’ என்று யாராவது ஒன்றைக் காட்டினால் உடனே கையெடுத்துக் கும்பிட்டுவிடாதீர்கள். விசைக்கு மேலே, பக்கவாட்டில் இருக்கும் பூட்டுத்தகட்டைப் பாருங்கள். கேப்பு வைக்கும் சிறு முளை அங்கே இருந்தால் சந்தேகப்படலாம். கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16. கேப்புத் துப்பாக்கி வந்ததோ அடுத்த நூற்றாண்டில். அதற்காக ‘போலி’ என்று தள்ளிவிடவும் வேண்டாம். பழைய சக்கிமுக்கித் துப்பாக்கிகளைப் பிற்பாடு கேப்புக்கு மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. மாற்றியிருந்தால், முந்தைய திருகாணித் துளைகளை அடைத்த தழும்பு தகட்டில் தெரியும். அந்தத் தழும்பைத் தேடிக் கண்டுபிடிப்பதில்தான் ரசனை தொடங்குகிறது. வீரர் பெயர் பிறகு வரட்டும்.

திருச்சிக்காரர்களுக்கு இந்தக் கண் சீக்கிரமே வாய்க்க வேண்டும். 1750களின் தொடக்கத்தில் இந்த ஊருக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஆளுக்கொரு நவாபை முன்னிறுத்திச் சண்டை போட்டார்கள். 1752 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி ழாக் லா ஸ்ரீரங்கம் தீவில் சரணடைந்தார். மருதநாயகம் எனும் யூசுப் கான் கிழக்கிந்தியக் கும்பினிப் படையில் பெயரெடுத்ததும் அந்தக் காலத்துத் திருச்சியில்தான். ஆக, இந்த வட்டாரத்துப் பழைய துப்பாக்கி எந்தத் தரப்பினுடையதாகவும் இருக்கலாம். குழாயைக் கட்டையோடு எப்படிப் பிணைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். வெளியே தெரியும் இரும்பு வளையங்கள் என்றால் அக்காலப் பிரெஞ்சுப் படைத் துப்பாக்கியின் வழக்கம். கட்டைக்குள் குறுக்கே செருகிய ஊசிகள் என்றால் ஆங்கிலேய வழக்கம். நாலாகப் பிரித்த இதய வடிவமும் அதற்குள் எழுத்துகளும் தகட்டில் பொறித்திருந்தால் அது கும்பினியின் முத்திரை. 1808 வாக்கில் அந்த இடத்துக்குச் சிங்கம் வந்துவிட்டது.

முத்திரை, செய்தவரையும் வாங்கியவரையும் சொல்லும். கடைசியாகப் பிடித்த கையைச் சொல்லாது. கும்பினியின் துப்பாக்கி போர்க்களத்தில் பறிபோய்ப் பாளையக்காரர் பக்கம் சேர்ந்திருக்கலாம். அதை நிறுவ இரும்பு போதாது, காகிதம் வேண்டும்: யார் எடுத்தார், யாரிடம் கொடுத்தார், எந்த ஆண்டில் எந்தப் பட்டியலில் ஏறியது. 2023இல் லண்டன் ஏலத்தில் 1.4 கோடி பவுண்டுக்குப் போன திப்பு சுல்தானின் வாள், 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் தளபதி டேவிட் பேர்டுக்குக் கொடுக்கப்பட்டது. கைமாறிய கதை தெரிந்ததற்கும் சேர்த்துத்தான் அந்த விலை.

நம் பாளையக்காரர்களுக்கு அப்படிப் பட்டியல் போட்டு வைக்க யாருமில்லை. 1801 ஜூன் 16 தேதியிட்டு, ஆங்கிலேயரை எதிர்த்துச் சின்ன மருது விடுத்த அறிக்கை திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. அக்டோபர் 24இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். டிசம்பர் முதல் தேதியே, ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று ஆளுநர் எட்வர்ட் கிளைவ் அறிவித்துவிட்டார். கோட்டைகளையும் இடித்தார்கள். இத்தனைக்கும் பிறகு ஒரு பாளையக்காரரின் ஆயுதம் பெயரோடும் ஊரோடும் தப்பி வந்திருக்கிறது என்றால், சொல்பவரிடம் நாலு கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

பெயர் இல்லாத ஆயுதமே சில நேரம் அதிகம் பேசும் என்பது என் கட்சி. சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்த வளரி எனும் வளைந்த எறிகருவிகளில் தந்தத்தால் ஆனவையும் உண்டு. எந்த மறவன் வீசினான் என்று தெரியாது; ஆனால் தஞ்சை அரண்மனை ஆயுதச் சாலையிலிருந்து வந்தவை என்று பதிவாகியிருக்கிறது. அரச வம்சம் முடிந்தபின் அந்தச் சாலையின் பெரும்பகுதி உடைபட்டுப் பழைய இரும்பாய்ப் போன கதை தெரிந்தால், எஞ்சியதன் அருமை புரியும். அதே தஞ்சைக் கட்டாரிகள் பலவற்றில் பிடி நம்முடையது, அலகு ஐரோப்பிய வாளிலிருந்து வெட்டி எடுத்தது. அலகும் பிடியும் சேரும் இடத்தில் கண்ணை நிறுத்துங்கள். துறைமுகம், வியாபாரி, அரண்மனைக் கொல்லன் எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள்.

பூர்வீகத்தில் சந்தேகமே இல்லாத ஆயுதம் பார்க்க ஆசையா? திருச்சியிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்: தஞ்சாவூர் கீழவாசல் பீரங்கிமேடு. நாயக்கர் காலத்து இரும்புப் பீரங்கி. வார்த்ததல்ல, இரும்பைக் காய்ச்சி அடித்து இணைத்தது. இருபது டன்னுக்கும் மேல் கனம் என்பதால் யாரும் தூக்கிப் போய் ஏலம் விடவில்லை.

வீட்டுப் பரணில் தாத்தா வைத்த பழைய ஆயுதம் இருந்தால் ஒரு வேண்டுகோள். ஆயுத பூஜைக்குப் பளபளக்க வேண்டும் என்று புளி போட்டுத் தேய்க்காதீர்கள், உப்புத்தாள் பக்கமே போகாதீர்கள். துருவோடு முத்திரையும் போய்விடும். துப்பாக்கி என்றால் உரிமம் பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள். அது எந்த ஊரிலிருந்து, யார் வழியாக வந்தது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, தேதி போட்டு எழுதி வையுங்கள்.