விரிசலுக்கு நாள் குறிக்க முடியுமா?

கேமரன் மலையின் ரிங்லெட் ஏரியில் தேங்கும் நீர், சுரங்கவழி இறங்கி, ஜோரிலுள்ள சுல்தான் யூசோப் மின்நிலையத்தின் பெல்டன் சுழலிகளை மோதுகிறது. சக்கரத்தின் ஒவ்வொரு கிண்ணமும் சுற்றுக்கொரு முறை நீர்த்தாரையின் அடியை வாங்கும். நிமிடத்துக்கு 400 சுற்று, ஒரே தாரை என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 21 கோடி அடி. ஓர் அடியில் உடையாத எஃகு, இத்தனை அடிகளில் அயர்ந்து விரிசல் காணலாம். பொதுவாக அது கிண்ணத்தின் அடிப்பகுதியில் தொடங்கும்.

விரிசலின் வேகத்தைக் கணிக்க, 1961இல் பால் பாரிஸ் முன்வைத்த விதியையே பொறியாளர்கள் நாடுகிறார்கள். எஃகில் தகைவு 10 சதவீதம் கூடினால் விரிசல் ஏறத்தாழ 33 சதவீதம் வேகமாக வளரும் என்பது போன்ற விடைகளை அது தரும். விமான உடலுக்கு இது பொருந்தும். பறப்புக்கு ஒரு முறைதான் அங்கே காற்றழுத்தம் ஏறி இறங்குகிறது. 1988இல் கூரை பிய்ந்த அலோஹா விமானம்கூட 19 ஆண்டுகளில் ஏறத்தாழ 90,000 பறப்புகளே கண்டது. அந்த நிதானத்தில் அடுத்த சோதனைக்கு நாள் குறிக்க அவகாசம் உண்டு. சுழலியில் அது இல்லை. ஓர் அடிக்கு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வளர்ந்தாலும் ஓராண்டில் 21 சென்டிமீட்டர் ஆகிவிடும். ஆகவே இங்கே கேட்க வேண்டியது விரிசல் எப்போது முறிக்கும் என்பதல்ல. நகரத் தொடங்கும் வரம்பை அது தாண்டிவிட்டதா என்பதே.

தகைவைக் குறைவாக வைத்து வடிவமைத்தால் சிறு குறைகள் அந்த வரம்புக்குக் கீழேயே கிடக்கும் என்று வாதிடலாம். தெளிந்த நீருக்கு அது சரி. கேமரன் மலையோ கருங்கல் மலை. சிதைந்த பாறையின் குவார்ட்ஸ் மணல் நீரோடு வருகிறது. மண்ணை மூடி நிற்கும் தேயிலைப் புதர்களைவிட, திறந்து கிடக்கும் காய்கறித் தோட்டங்களும் வெட்டிய சரிவுகளுமே அதை மிகுதியாகத் தரும். மணல் எஃகைத் தேய்க்கத் தேய்க்கச் சுவர் மெலிந்து தகைவு கூடும். தேய்ந்த இடத்தைப் பற்றவைத்தால் புதுக் குறைகளும் எஞ்சிய இழுதகைவும் சேரும். தேய்மானமே சிறு விரிசல்களை அழித்துவிடாதா என்றால், அது கடுமையாக நடப்பது தாரையைப் பிளக்கும் விளிம்பில். ஆபத்தான விரிசல் வேறிடத்தில்.

கணிப்பை ஒதுக்கிவிட்டு, குறித்த காலத்துக்கொரு முறை சக்கரத்தைச் சோதித்தால் போதாதா? எவ்வளவு சிறிய விரிசலைப் பிடித்தாக வேண்டும் என்பதையே வரம்புக் கணக்குதான் சொல்கிறது. அது இல்லாத சோதனை குருட்டுச் சோதனை. ஆனால் வடிவமைப்பின்போது ஒருமுறை போட்ட கணக்கை வைத்துக்கொண்டு காலம் தள்ளக்கூடாது. நீரில் எவ்வளவு மணல் வந்தது, எஃகு எவ்வளவு மெலிந்தது என்று அளந்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் அதைத் திருத்த வேண்டும்.