பந்தயம் கட்டவைக்கும் மனிதர்

பீட்டர் ப்ரூக் 1989இல் எடுத்த 'மகாபாரதம்' படத்தில் சகுனியாக வருபவர் துன்ஜெல் குர்திஸ் என்ற துருக்கியர். நாம் பார்த்துப் பழகிய சகுனிகள் கண்ணை உருட்டுவார்கள், தாடியை நீவுவார்கள், தனியே திரும்பிச் சிரிப்பார்கள். குர்திஸ் இந்த வேலைகளில் இறங்குவதில்லை. தருமன் இழப்பதையெல்லாம், வரவேண்டிய பாக்கியை வாங்கிப்போடும் மளிகைக்கடைக்காரர் மாதிரி வாங்கிக்கொள்கிறார்.

ப்ரூக் யோசித்துத்தான் அந்த வேடத்தைக் கொடுத்தாரா தெரியாது. ஆனால் குர்திஸின் படங்களை அடுத்தடுத்துப் பார்த்தால், சூதாட்டம் அவரை விட்டு நெடுநாள் விலகி இருந்ததில்லை என்பது புரியும்.

1970இல் யில்மாஸ் குனே இயக்கி நடித்த 'உமுத்' படத்திலிருந்தே அது தொடங்குகிறது. அதானா நகரத்தில் குதிரை வண்டி ஓட்டும் ஜப்பார், லாட்டரிச் சீட்டு வாங்கியே காலம் தள்ளுகிறவன். அவனுடைய குதிரையை ஒரு கார் அடித்துக் கொன்றுவிடுகிறது; கடன்காரர்கள் மிச்சத்தைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். அந்த நேரத்தில் நண்பன் ஹசன், ஆற்றோரம் புதையல் இருக்கிறது, மந்திரம் தெரிந்த ஒரு ஹோஜாவைக் கூட்டிக்கொண்டு போய்த் தோண்டலாம் என்கிறான். ஹசன்தான் குர்திஸ். வேறு நடிகராக இருந்தால் இந்த வேடத்தில் கொஞ்சம் கள்ளத்தனத்தைக் கலந்திருப்பார். இவர் முழுக்க முழுக்க நம்புகிறார். எதிரே இருப்பவன் ஏமாற்றுக்காரன் என்றால் ஜப்பார் உதறிவிட்டுப் போயிருக்கலாம். தன்னைவிடக் கூடுதலாக நம்புகிறவனிடம் என்ன பேச முடியும்? பைத்தியம் பிடித்து, கண்ணைக் கட்டிக்கொண்டு ஜப்பார் குழியைச் சுற்றிவரும் கடைசிக் காட்சி குனேயுடையது. அவனை அங்கே கொண்டுவந்து சேர்த்தது குர்திஸ்.

'சுரூ'வின் ஹாமோ வேறு ரகம். குனே சிறையிலிருந்து திரைக்கதை எழுத, ஸெக்கி ஒக்டென் இயக்கிய படம். 1979இல் லொகார்னோவில் தங்கச் சிறுத்தை வாங்கியது. ஆட்டு மந்தையை ரயிலில் ஏற்றி அங்காராவுக்கு விற்கக் கொண்டுபோகும் குலத்தலைவர் ஹாமோ. முன்பு பூச்சிமருந்து ஏற்றிய பெட்டியில் ஆடுகள் ஒவ்வொன்றாகச் செத்து விழுகின்றன. பேச்சிழந்து, நோயில் கிடக்கும் மருமகள் பெரிவானை அவர் மனுஷியாகவே மதிப்பதில்லை. நம்மிடமிருந்து துளி இரக்கத்தைக்கூட குர்திஸ் கேட்டு வாங்குவதில்லை. மந்தை கரையக் கரைய அந்த அதிகாரமும் கரைவதுதான் நடிப்பு. என் கணக்கில் அவருடைய உச்சம் இதுதான்.

1986இல் பெர்லினில் அவருக்குச் சிறந்த நடிகருக்கான வெள்ளிக் கரடி கிடைத்தது. ஷிமோன் தோத்தானின் இஸ்ரேலியப் படத்தில் ஹில்மி என்ற பாலஸ்தீனக் கிழவராக நடித்ததற்கு. துருக்கியில் தெருவில் போகிறவரைக் கேட்டால் அதைச் சொல்ல மாட்டார். 'எஸெல்' தொடரின் ராமிஸ் மாமாவைத்தான் சொல்வார். 2009இல் தொடங்கிய தொடர். சிறையில் ஓர் இளைஞனுக்குச் சீட்டாட்டமும் பழிவாங்கலும் கற்றுக்கொடுக்கும் பழைய தாதா. வசனகர்த்தா அவர் வாயில் திணித்த பொன்மொழிகள் ரொம்ப அதிகம். அந்தக் கரகரத்த குரல் மட்டும் இல்லையென்றால் பாதி வசனம் சுவரில் எழுதிய வாசகமாகத்தான் நின்றிருக்கும்.

ஃபாத்தி அகினின் 2007ஆம் ஆண்டுப் படத்தில், பிரெமன் நகரில் ஓய்வுபெற்று வாழும் அலியாக வருகிறார். இங்கும் பந்தயம் உண்டு: மகனோடு குதிரைப் பந்தயத்துக்குப் போய்ப் பணம் கட்டுகிறார். எத்தெர் என்ற துருக்கியப் பாலியல் தொழிலாளியிடம், மாதம் என்ன சம்பாதிக்கிறாய், அதை நானே தருகிறேன், என்னோடு வந்து இரு என்கிறார். பேரம் பேசும் தோரணையிலேயே தனிமையும் தெரிகிறது. அவளும் சம்மதிக்கிறாள். பிறகு ஒரு நாள் குடிபோதையில் அவளை அடித்துவிடுகிறார், விழுந்தவள் செத்துப்போகிறாள். கை ஓங்குவதற்கு முன்னால் எச்சரிக்கை மாதிரி எதையும் குர்திஸ் முகத்தில் காட்டவில்லை. பந்தயம் கட்டியபோது இருந்த அதே ஆள்தான் அடிக்கிறார்.

இப்ராஹிம் மகனைப் பலிகொடுக்கத் துணிந்த கதையைச் சிறுவயதில் கேட்டுப் பயந்ததையும், உன்னைக் காக்கக் கடவுளையே பகைத்துக்கொள்வேன் என்று அப்பா சொன்னதையும் படத்தின் பிற்பகுதியில் மகன் நினைவுகூர்கிறான். அலி அப்படிச் சொன்னதை நாம் திரையில் பார்க்கவே இல்லை. ஆனாலும், ஒரு பெண்ணைக் கொன்ற அந்த மனிதர் அதைச் சொல்லியிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.