ரத்தம் கொடுக்கும் காலையும் அதற்கு முந்தைய ஆறு வாரமும்

சேலம் ஐந்து ரோட்டிலும் நாமக்கல் பரமத்தி சாலையிலும் ரத்தப் பரிசோதனை நிலையங்கள் விடியற்காலையிலேயே சுறுசுறுப்பாகிவிடுகின்றன. தைராய்டு பார்க்க வருகிறவர்களுக்குச் சொல்லி அனுப்பப்படுவது பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: வெறும் வயிற்றில் வாங்க, மாத்திரை போடாம வாங்க. கேட்பவர் யார், எந்தச் சோதனை, எதற்காக என்ற வேறுபாடு அதில் இல்லை. சென்னை உட்பட எட்டு இந்திய நகரங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வயதுவந்தோரிடம் நடத்தி 2013-இல் வெளியிடப்பட்ட ஆய்வு, ஏறத்தாழ 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைபாடு இருப்பதாகக் கண்டது. இத்தனை பேரைத் தொடும் வழக்கத்தை உரசிப் பார்க்க வேண்டும். இந்த விதிக்கு அறிவியல் காரணம் உண்டு. ஆனால் அந்தக் காரணம் சிலருக்கு, சில சோதனைகளுக்கு மட்டுமே பொருந்துவது. எல்லாருக்குமான கட்டளையாக அது மாறியதில், இதைவிட முக்கியமான கேள்விகள் பின்னுக்குத் தள்ளப்பட்டுவிட்டன என்பதே என் வாதம்.

முதலில் விதியின் நியாயம். தைரோநார்ம், எல்ட்ராக்சின் போன்ற மாத்திரைகளில் இருப்பது லெவோதைராக்சின், அதாவது டி4. விழுங்கிய இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் புரதத்தோடு பிணையாமல் உலவும் டி4, அதாவது ஃப்ரீ டி4, உச்சத்துக்குப் போகிறது. 20 சதவீதம் வரை ஏறலாம். ஆறு மணிக்கு மாத்திரை போட்டு ஒன்பது மணிக்கு ரத்தம் கொடுத்தவரின் அறிக்கையில் இந்த ஏற்றமும் சேர்ந்தே பதிவாகும். வழக்கமான அளவு அதுதான் என்று மருத்துவர் எடுத்துக்கொண்டால் மருந்தைக் குறைத்துவிடக்கூடும். ஆகவே ஃப்ரீ டி4 பார்க்கும் நாளில் ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போடுவது சரிதான். டி.எஸ்.எச். அப்படிப்பட்டதல்ல. உடலில் டி4 எவ்வளவு இருக்கிறது என்பதைப் பல வாரங்களாகக் கவனித்து, அதற்கேற்ப பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன் அது. டி4-இன் அரை ஆயுளே ஏறத்தாழ ஏழு நாள். மருந்தளவை மாற்றினால் டி.எஸ்.எச். புதிய இடத்தில் நிலைகொள்ள ஆறு வாரமாவது ஆகிறது. அன்று காலை போட்ட ஒரு மாத்திரை அதைப் பெரிதாக அசைப்பதில்லை. தைராய்டு சுரப்பியே பழுதானவர்களின் தொடர் சிகிச்சைக்கு டி.எஸ்.எச். ஒன்றே பெரும்பாலும் போதும். அவர்களில் டி.எஸ்.எச். மட்டும் பார்க்க வருகிறவருக்கு இந்த விதியால் கிடைக்கும் லாபம் மிகச் சிறிது.

லாபம் சிறிதென்றாலும் நட்டம் இல்லையே, சொல்லிவிட்டுப் போகட்டுமே என்று கேட்கலாம். நட்டம் இருக்கிறது, அது மனதில் விழும் கருத்தில் இருக்கிறது. இன்று காலை மாத்திரை போட்டால் ரிசல்ட் மாறிவிடும் என்று திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறவர், சோதனை அளப்பது சமீபத்திய மாத்திரையைத்தான் என்று நம்பத் தொடங்குவது இயல்பு. அந்த நம்பிக்கையின் மறுபக்கம்தான், இரண்டு மாதம் விட்டுவிட்டுப் போட்டவர் டாக்டரைப் பார்க்கப் போகும் வாரத்தில் மட்டும் ஒழுங்காகப் போடுவது. அவருடைய ரத்தம் எதையும் மறைப்பதில்லை: ஃப்ரீ டி4 சரியாக, சில சமயம் மேல்வரம்பை ஒட்டி இருக்கும், டி.எஸ்.எச். மட்டும் உயர்ந்தே நிற்கும். இந்த இணையைப் படிக்கத் தெரிந்த மருத்துவர், மாத்திரை விட்டுப்போச்சா என்று முதலில் கேட்பார். நெரிசலான புறநோயாளிப் பிரிவில் டி.எஸ்.எச். எண்ணை மட்டும் பார்த்தால் 50 மைக்ரோகிராம் 75 ஆகிவிடும். பிறகு அவர் உண்மையாகவே தினமும் போடத் தொடங்கினால் மருந்து மிகுந்து படபடப்பு வரும். வயதானவர்களுக்கு இதயத் துடிப்பு ஒழுங்கிழக்கும் ஆபத்தும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்புத் தேய்மானமும் கூடும். ஆறு வாரத்தின் ஒழுங்கைப் பற்றிய கேள்வி, ஒரு காலையின் ஒழுங்கைப் பற்றிய கட்டளைக்குள் மறைந்துபோவதன் விலை இது.

விதியின் மறுபாதியான வெறும் வயிறு கொஞ்சம் கூடுதல் கவனத்துக்கு உரியது. டி.எஸ்.எச். நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. நள்ளிரவுக்குப் பிறகு உச்சத்துக்குப் போய், பகலில் இறங்கிவிடுகிறது. காலையில் சாப்பிடும் முன் எடுத்த அளவைவிடச் சாப்பிட்ட பின் எடுத்த அளவு குறைவாக இருப்பதை, 2014-இல் இந்திய உட்சுரப்பியல் இதழில் வெளியான ஆய்வும் காட்டியது. வரம்பின் விளிம்பில் நிற்கும் ஒருவர் காலை ஏழு மணி அறிக்கையில் நோயாளியாகவும் மாலை நான்கு மணி அறிக்கையில் நலமானவராகவும் தெரியலாம். வெறும் வயிறுதான் உண்மையான அளவைத் தரும் என்று இதற்குப் பொருள் கொள்வது தவறு. ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில், ஒரே நிலையில், முடிந்தால் ஒரே லேபில் எடுத்தால்தான் இரண்டு எண்களை ஒப்பிட முடியும் என்பதே இதிலிருந்து கிடைக்கும் பாடம். இந்தப் பகுதியில் அது எளிதல்ல. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் தறிகள் இரவிலும் ஓடுகின்றன. நாமக்கல் லாரி ஓட்டுநருக்கு எந்த ஊரில் விடியும் என்பதே தெரியாது. தூக்கம் டி.எஸ்.எச்.-இன் இரவு ஏற்றத்தை அடக்கி வைக்கிறது. தூங்காத இரவில் அது மேலும் ஏறுகிறது. நைட் ஷிஃப்ட் முடித்து நேராக லேபுக்கு வருகிறவரின் எண்ணை, நன்றாகத் தூங்கி எழுந்தவரின் எண்ணோடு ஒரே தட்டில் வைக்கக் கூடாது. வெறும் வயிறா என்று கேட்கிறவர், ராத்திரி தூங்கினீர்களா என்றும் கேட்க வேண்டும்.

இதற்கு வரக்கூடிய வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ரத்தம் எடுக்கும் மேசையில் உட்கார்ந்திருப்பவரிடம் இவ்வளவு நுணுக்கத்தை எதிர்பார்க்க முடியாது. எல்லாருக்கும் ஒரே எளிய சொல்தான் நடைமுறைக்கு ஒத்துவரும் என்பது. எளிமை தேவை என்பதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் 'மாத்திரை போடாம வாங்க' என்பது கேட்க எளிதே தவிர, விளைவில் எளிதானதல்ல. ஏற்காட்டிலிருந்தும் ஆத்தூரிலிருந்தும் முதல் பஸ் பிடித்து சேலம் வருகிறவர், மாத்திரையை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறார். ரத்தம் கொடுத்ததும் பசியில் டிபனும் காபியும் முடிந்துவிடுகின்றன. அன்றைய மாத்திரை அன்றோடு போயிற்று. ஒரு நாள் போனால் பெரிய கேடில்லை. ஆனால் இதே சொல்லை எல்லா மாத்திரைக்கும் சேர்த்துப் புரிந்துகொண்டு, பிரஷர் மாத்திரையையும் வலிப்பு மாத்திரையையும் நிறுத்திவிட்டு வருகிறவருக்கு அது கேடாக முடியலாம். அதே அளவுக்கு எளிமையான இன்னொரு சொல் இருக்கிறது: தைராய்டு மாத்திரையைக் கையோடு கொண்டு வாங்க, ரத்தம் கொடுத்ததும் போட்டுக்கோங்க, அரை மணி கழிச்சுச் சாப்பிடுங்க. இதனால் ஃப்ரீ டி4 கெடாது, அன்றைய மருந்தும் தவறாது, வேறு மாத்திரைகளின் மேல் கை வைக்கவும் தேவையில்லை. காலை நேரமே தன் வசத்தில் இல்லாதவர், இரவுச் சாப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். நெதர்லாந்தில் நடந்து 2010-இல் வெளியான சோதனையில் இரவில் போட்டவர்களுக்குப் பலன் சற்றுக் கூடுதலாகவே இருந்தது.

கேட்க வேண்டிய மாத்திரை வேறொன்றும் இருக்கிறது. தைராய்டு குறைபாட்டில் முடி கொட்டுகிறது. முடிக்காகப் பயோட்டின் மாத்திரையை மருந்துக்கடையில் வாங்கிப் போடுகிறார்கள். பல தைராய்டு சோதனைக் கருவிகள் பயோட்டின் பிணைப்பைக் கொண்டே இயங்குவதால், ரத்தத்தில் அது மிகுந்திருந்தால் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் ஃப்ரீ டி4 பொய்யாக உயர்ந்தும் தெரியும். அமெரிக்க உணவு, மருந்து ஒழுங்குமுறை ஆணையம் 2017-இல் இதைப் பற்றி எச்சரித்தது. சோதனைக்கு முன் இரண்டு நாளாவது நிறுத்த வேண்டியது இந்த மாத்திரையை. அன்றாட தைராக்சினை நிறுத்தச் சொல்லும் வாய்மொழிக் கட்டளையில் இதன் பெயரே வருவதில்லை. கால்சியமும் இரும்புச்சத்தும் தைராக்சினை உறிஞ்ச விடாமல் தடுப்பவை, நான்கு மணி நேர இடைவெளி கேட்பவை. காபியும் உறிஞ்சலைக் குறைக்கும் என்பதை 2008-இல் இத்தாலிய ஆய்வு காட்டியது. எழுந்ததும் காபியோடு மாத்திரையை விழுங்குகிறவரின் உயர்ந்த டி.எஸ்.எச்.-க்கு டோஸ் காரணமாக இருக்க வேண்டியதில்லை. இதற்கு நடுவில், மரவள்ளி விளையும் இந்த ஊர்களில் கிழங்கையும் ஜவ்வரிசியையும் தொடவே கூடாது என்று நோயாளிகளை அச்சுறுத்துவது தேவையற்றது. அயோடின் போதாத உடலில் மரவள்ளியின் நச்சுக்கூறு தைராய்டைத் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் அயோடின் உப்பு சேர்த்து, நன்றாக வேகவைத்து, அளவாக உண்ணும் கிழங்கைப் பற்றி இவ்வளவு கவலை வேண்டாம்.

விதி முழு வலிமையோடு பொருந்தும் இடத்தையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. பிரசவத்தில் கடுமையாக ரத்தம் போய் பிட்யூட்டரி சிதைந்த பெண்கள், பிட்யூட்டரியில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு அது பழுதானவர்கள் ஆகியோருக்கு டி.எஸ்.எச். எண்ணை நம்ப முடியாது. ஃப்ரீ டி4 மட்டுமே வழிகாட்டி. அதை மாத்திரைக்கு முன்னரே எடுத்தாக வேண்டும். கர்ப்பிணிகளுக்கோ வேறு அவசரம்: மருந்துத் தேவை கூடிவிடுவதால் பாதிக் கர்ப்பகாலம் வரை ஏறத்தாழ நான்கு வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், ஆறு வாரம் காத்திருக்கக் கூடாது. இவர்கள் யாரென்று லேபுக்குத் தெரியாது, எழுதித் தரும் மருத்துவருக்குத்தான் தெரியும். அதனால் மாத்திரை நேரத்தைப் பற்றிய குறிப்பு மருத்துவரின் சீட்டிலேயே இருக்க வேண்டும். லேப் செய்ய வேண்டியது அறிக்கையின் தலைப்பில் மூன்று தகவல்களைப் பதிவது: ரத்தம் எடுத்த மணி, கடைசியாக மாத்திரை போட்ட மணி, கடந்த ஒரு மாதத்தில் தவறிய நாட்கள். ரத்தம் எடுத்த மணி பல அறிக்கைகளில் இப்போதே அச்சாகிறது. மற்ற இரண்டையும், ஊசி குத்திப் பஞ்சை அழுத்திப் பிடித்திருக்கும் நேரத்திலேயே கேட்டு எழுதிவிடலாம்.